பனிமலைச் சுமைதாங்கி

சரவணையிற் பிறந்தவர்க்கு மலை என்பது பள்ளிப் புத்தகத்துப் படம். எமது வேலணைத் தீவில் எத்திசை நோக்கி நின்றாலும் நிலம் மட்டமாகவே விரிந்து கிடக்கும். வயலும் தரவையும் முடிந்த இடத்திற் கடல் தொடங்கும். ஏறுவதென்றால் பனை ஏறுவது. தொலைவு நடப்பதென்றால் சாட்டிக் கடற்கரை வரை நடப்பது. அத்தகைய ஊரவராகிய நாம், அறுபது வயதைக் கடந்தபின், நோர்வே நாட்டுப் பனிமலையிற் குடிலொன்றைத் தேர்ந்தெடுக்கும் ஆலோசனையில் அமர நேர்ந்தது விந்தையிலும் விந்தை. அந்த ஆலோசனையிற் கற்றதையும், கற்றும் பிழைவிட்டதையும் நேயர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது கடலோரத்துக்கும் நோர்வேக்குமுள்ள உறவு இன்று நேற்று வந்ததன்று. யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் என்பார் 1956-ஆம் ஆண்டில் அந்நாட்டை அடைந்தார். மீன்பிடித் தொழிலிற் சிறந்த அந்நாட்டாரின் துணையோடு அவர் தொடக்கிய ‘சீநோர்’ நிறுவனம் 1967-இல் உருவாயிற்று. எம் தீவுக்கு அயலிலுள்ள காரைநகரில் அதன் படகுகள் கட்டப்பட்டன. பின்னர் எம் இளைஞர் பலர் அந்நாட்டுப் பள்ளிகளிற் கற்கச் சென்றனர். 1983-இன் பின் அகதிகளாய்ச் சென்றோர் அவரினும் பலர். வடகோடியிலுள்ள மீன் தொழிற்சாலைகளிற் கைவிறைக்க உழைத்த அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அந்நாட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து பனியிற் சறுக்கித் திரிகின்றனர்.

எமது தமையனாரின் மகன் ஒஸ்லோ நகரிற் குடியிருக்கிறான். சில ஆண்டுகளின் முன் உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு நாம் அங்கே சென்றிருந்தபோது, “சித்தப்பா, இந்த நாட்டிலே இந்த விடுமுறைக்கு ஆரும் வீட்டிலே இருக்கிறதில்லை. எல்லாரும் மலைக்குத்தான். நாங்களும் ஒரு குடில் எடுப்பம்” என்றான். குடிலை அவர்கள் ‘ஹித்தே’ என்பர். பனிச்சறுக்குப் பலகையைக் காலிற் கட்டிக்கொண்டே நோர்வேக்காரன் பிறக்கிறான் என்று அந்நாட்டாரே தம்மைக் கேலி செய்துகொள்வதுண்டு. பள்ளம் நோக்கிப் பாயும் விளையாட்டை மட்டும் அதற்குப் பொருளாகக் கொள்ளலாகாது. முதுகிற் பொதியுடன், பலகைமீது நின்று, மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் வெண்பனி வெளியைக் கடந்து, ஒரு குடிலிலிருந்து மற்றொரு குடிலுக்கு நாள்முழுதும் செல்லும் யாத்திரையே அவர்கள் பெரிதும் விரும்புவது.

மலைமேல் மடங்கள்

இக்குடில்களின் வரலாறு சுவையானது. சுவிற்சர்லாந்தின் மலையேறுவோர் 1863-இலே சங்கம் அமைத்து, அவ்வாண்டே முதற்குடிலையும் கட்டினர். நோர்வே மலைநடைச் சங்கம் 1868-இல் தோன்றியது. இன்று அச்சங்கத்தோடு இணைந்த குடில்கள் 500-க்கு மேற்பட்டவை. அவை மூவகைப்படும். முதல்வகை, பணியாளர் இருந்து உணவு சமைத்துத் தரும் பெருவிடுதி. இரண்டாம் வகையில் ஆளில்லை; ஆனால் விறகும் அடுப்பும் படுக்கையும், அலமாரியில் தகரத்திலடைத்த உணவும் மாவும் தேயிலையும் இருக்கும். மூன்றாம் வகையில் விறகும் அடுப்பும் படுக்கையுமே உண்டு; உணவு நம் முதுகில் வரவேண்டும்.

ஆளில்லாக் குடில்களிற் பெரும்பாலானவற்றுக்கு ஒரே அமைப்பான திறப்பு; சங்க உறுப்பினர் அதனைப் பெற்றுக்கொள்ளலாம். தங்கியவர் தாம் உண்டதையும் எரித்ததையும் தாமே கணக்கிட்டுப் பணம் செலுத்துவர். பார்த்துக் கேட்க ஒருவருமில்லை. புறப்படுமுன் தரையைத் துடைத்து, விறகைப் பிளந்து உள்ளே அடுக்கி வைத்துவிட்டே செல்லவேண்டும். அடுத்து வருபவன் குளிரில் நடுங்கிய கையோடு வருவான் என்பது கருத்து. புயலில் வந்து கதவைத் தட்டுபவனை இடமில்லையென்று திருப்பி விடுவதும் அங்கே வழக்கமில்லை. கட்டில் நிரம்பினால் தரையில் மெத்தை விரிப்பர்.

இவற்றைக் கேட்டபோது எமக்கு யாழ்ப்பாணத்துத் தெருவோர மடங்கள் நினைவில் வந்தன. மடமும், அதன் அருகே கிணறும், மாடு உடம்பு தேய்க்க ஆவுரஞ்சிக் கல்லும், தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைத்துத் தூக்கச் சுமைதாங்கியும் எம் முன்னோர் கட்டி வைத்தனர். வயிற்றிற் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாகவே சுமைதாங்கியை நாட்டுவது வழக்கம். முகமறியா வழிப்போக்கனின் கழுத்து நோவை எண்ணியவர் அவர். முகமறியா வழிப்போக்கனின் கை விறைப்பை எண்ணுபவர் இவர். தேசம் வேறாயினும் அறம் ஒன்றே.

மூன்று குடில்கள்

மேசைமேல் வரைபடம் விரிக்கப்பட்டது. பெறாமகன், மருமகள், பன்னிரண்டு வயதுப் பேத்தி, நாம் ஆகிய நால்வரும் சூழ அமர்ந்தோம். மூன்று குடில்கள் ஆராய்ச்சிக்கு வந்தன.

முதலாவது, தனியார் ஒருவர் வாடகைக்கு விடுவது. வாசல் வரை மோட்டார் வண்டி போகும்; வெந்நீர்த் தொட்டி உண்டு; படத்திற் பார்த்தால் அரண்மனை போலிருந்தது. ஆனால் சுற்றிலும் அதுபோல் நூறு வீடுகள். “இதற்கு ஒஸ்லோவிலேயே இருக்கலாமே” என்றாள் மருமகள். இரண்டாவது, ஹார்டங்கர்விட்டா பீடபூமியின் உட்புறத்தில், ஏரிக்கரையில் தனித்து நிற்கும் ஆளில்லாக் குடில். அதன் படத்தைக் கண்டவுடன் பெறாமகனின் மனம் அதிலேயே தங்கிவிட்டது. தொடர்வண்டி நிலையத்திலிருந்து ஒரு முழுநாட் பயணம். மூன்றாவது, ஃபின்சே என்னும் நிலையத்துக்கு அணித்தாயுள்ள சங்கத்தின் பெருவிடுதி.

“சித்தப்பா என்ன சொல்லுறியள்?” என்று கேட்டான். நாம் பனிச்சறுக்குப் பலகையில் அதுவரை நின்றது நான்கே நாள்கள். அதுவும் ஒஸ்லோவின் புறத்தேயுள்ள சமவெளியில். ஆயினும், தீவான் பின்வாங்கினான் என்ற பெயர் வரக்கூடாது என்னும் வீம்பினால், “எதென்றாலும் வருவம்” என்றோம். எம் முதற் பிழை அது.

பேத்தியோ வரைபடத்திலிருந்து தலைநிமிராமலே, “அப்பப்பா ஒரு மணித்தியாலத்திலே எவ்வளவு தூரம் போவார்?” என்று தகப்பனைக் கேட்டாள். அவன் வாய் திறக்கவில்லை. “கூட்டத்திலே ஆகவும் மெல்லப் போறவரின் கணக்கிலேதான் குடிலைத் தெரிய வேணும் என்று பள்ளிக்கூடத்திலே படிப்பிச்சவை” என்றாள். முடிவு அத்துடன் வந்துவிட்டது: முதலில் ஃபின்சே; உடலும் வானும் இடங்கொடுத்தால் அங்கிருந்து உட்குடிலுக்கு ஓர் இரவு.

தேர்வு செய்யும் முறை

குடிலைத் தேர்வோர் முதலிற் பார்க்கவேண்டியது குடிலையன்று, அதற்குச் செல்லும் வழியை. இதுவே எமக்கு அன்று கிடைத்த பாடத்தின் சாரம். மாணவர்கள் மனத்திற் கொள்ளத்தக்க சிலவற்றை இங்கே தருகின்றோம்.

முதலாவது, தூரத்தோடு காலம் சேரவேண்டும். வரைபடத்திற் சில கிலோமீற்றர் எனக் காண்பது, கோடையிற் கல்வழி, மாரியிற் பனிவெளி. புதுப்பனி ஆழமாய் விழுந்திருந்தால் அதே தூரத்துக்கு இருமடங்கு நேரம் செல்லக்கூடும். கோடையிற் சுருக்கமான வழி மாரியில் ஆகாத வழியாதலும் உண்டு. ஏனெனில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளிற் பனிப்பாறை சரிந்து விழும் ஆபத்து உண்டு; அச்சரிவில் நடப்பவனுக்கு மட்டுமன்றி அதன் அடியிற் செல்பவனுக்கும் அது யமன். ஏரிகளின் பனிக்கட்டியும் ஆறு புகும் வாயிலில் மெலிந்திருக்கும். ஆதலால் மாரி வழிகளைத் தனியே வகுத்து, தடி நாட்டிக் காட்டியிருப்பர். புயலில் ஒரு தடியிலிருந்து அடுத்த தடியைக் கண்டு கண்டே உயிர்தப்பியவர் பலர்.

இரண்டாவது, தண்ணீர். இதனைத் தீவாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உவர்க்கிணறுகளிடையே நன்னீர்க் கிணற்றைத் தேடி நாம் குடத்தோடு அலைந்தவர்கள். அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் நீரே பனியாய்ப் பரந்து கிடக்கும். குடிக்க ஒரு செம்பு நீர் இராது! அருகில் ஓடை திறந்திருந்தால் நல்லூழ். இல்லையேல் அடுப்பிற் பனியை உருக்கவேண்டும். ஒரு பெரிய பானை நிறையப் பனியை உருக்கினால் அடியிற் கொஞ்சந் தண்ணீரே மிஞ்சும். ஆகவே தண்ணீர்க் கேள்வி விறகுக் கேள்வியுமாகும்.

மூன்றாவது, திரும்பி வரும் வழி. குடிலுக்குப் போக ஒரே வழி, வர ஒரே வழி என்றால், அவ்வழி புயலால் அடைபட்ட நாளில் என்செய்வது? இடையில் ஒதுங்க இடமுண்டா? ஒருநாள் கூடுதலாய்த் தங்க உணவுண்டா? ஊரில் எவருக்கேனும் நாம் போகும் வழியும் மீளும் நாளும் தெரியுமா? இக்கேள்விகளுக்கு விடையில்லாத குடில் எத்துணை அழகியதாயினும் ஆகாது.

இவை எம் கற்பனையல்ல. நோர்வேயில் மலை விதிகள் என ஒன்பது விதிகளைச் சிறுபிள்ளைகளும் அறிவர். 1952-இல் முதன்முதல் வெளியான அவ்விதிகள், 1967-ஆம் ஆண்டின் உயிர்த்த ஞாயிறு விடுமுறையில் 18 பேர் மலையில் மாண்டபின் நாடெங்கும் பரப்பப்பட்டன. அவற்றுள் எட்டாவது, திரும்பி வருதலில் வெட்கமில்லை என்பது.

ஃபின்சே

ஒஸ்லோவிலிருந்து பேர்கன் நகருக்குச் செல்லும் தொடர்வண்டியில் ஏறினோம். 1909-இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் மிக உயர்ந்த நிலையம் ஃபின்சே. கடல்மட்டத்திலிருந்து 1,222 மீற்றர். நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காடு குறைந்து, மரம் குட்டையாகி, முடிவில் மரமென்பதே இல்லாது போயிற்று. ஃபின்சேக்குப் பொதுத்தெரு கிடையாது. வண்டி எம்மை இறக்கிவிட்டுச் சென்றதும் மோட்டார் ஓசை இல்லை, புழுதி இல்லை. வெண்மையும் காற்றுமே எஞ்சின. தென்றிசையில் ஹார்டங்கர்யோக்குலன் என்னும் பெரும் பனிப்படலம் 1,800 மீற்றருக்கு மேல் உயர்ந்து வானோடு கலந்து நின்றது. தென்துருவ யாத்திரைக்குப் புறப்படுமுன் சக்கிள்ற்றன் என்னும் வீரர் 1914-இல் தம் கருவிகளை இங்கேதான் சோதித்துப் பார்த்தார். 1979-இல் ‘ஸ்ரார் வோர்ஸ்’ திரைப்படத்தின் பனியுலகக் காட்சிகளும் இங்கே படம்பிடிக்கப்பட்டன என்று பேத்தி எமக்கு அறிவூட்டினாள்.

விடுதியில் ஒரு நீண்ட மேசையில், முன்பின் அறியாதவர்களோடு அமர்ந்து உண்டோம். இரவில் மரக்கட்டில், நாமே கொண்டுசென்ற துணிப்பை விரிப்பு. உலர்த்தும் அறையில் நூறு சோடிக் காலுறைகள் தொங்கிய காட்சியும் அதன் வாசமும் மறக்கக்கூடியவையல்ல! ஆயினும் வெப்பமான அந்த அறையே விடுதியின் உயிர்நாடி என்பதை மறுநாள் ஈரக் காலணியோடு திரும்பியபோது உணர்ந்தோம்.

பலகைக்கு மெழுகு பூசும் வித்தையையும் கண்டோம். காலை ஊன்றும்போது பலகை பனியைப் பற்றவேண்டும், தள்ளும்போது வழுக்கவேண்டும். இவ்விரண்டையும் ஒரே மெழுகு செய்யவேண்டுமாதலால், குளிர்ந்த உலர்பனிக்குக் கடின மெழுகும், ஈரப்பனிக்குப் பசைபோன்ற மெழுகும் என வகை பிரித்து வைத்துள்ளனர். செங்குத்தான ஏற்றத்தில், ஒருபுறமாய்ச் சாய்ந்த மயிருடைய பட்டையைப் பலகையின் அடியில் ஒட்டுவர். அது முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது.

திரும்பிய கதை

மூன்றாம் நாட் காலை உட்குடில் நோக்கிப் புறப்பட்டோம். விடுதியில் எழுதி வைத்திருந்த வானிலைக் குறிப்பு, பிற்பகலிற் காற்று வலுக்குமென்றது. அதற்குள் போய்ச் சேரலாமென்று கணக்கிட்டோம். கணக்கில் எம்முடைய வேகத்தை நாமே கூட்டிச் சொல்லியிருந்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

பாதிவழிக்கு முன்னரே காற்று வந்துவிட்டது. விழுந்த பனியை நிலத்திலிருந்து வாரி முகத்தில் எறிந்தது. அடுத்த தடி தெரிந்தது, அதற்கடுத்தது தெரியவில்லை. எம் வலக்கை விரல்களில் முதலிற் குத்தல். பின்னர் அதுவும் இல்லை. நோ இல்லாதது நல்லதென்று எண்ணிய எம் அறியாமையை என்னென்பது! பெறாமகன் நின்று, “சித்தப்பா, ஏலுமா?” என்று கத்தினான். “ஏலும், போ” என்றோம். எம் இரண்டாம் பிழை அது, முதலாவதினும் கொடியது.

ஒதுங்கி நின்று தேநீர் குடிக்கக் கையுறையைக் கழற்றியபோது பேத்தி கண்டுகொண்டாள். இரு விரல் நுனிகள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. அவள் ஒன்றும் பேசாமல் எம் கையைத் தன் மேலங்கியினுள் இழுத்துக் கமக்கட்டில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தேய்க்கக்கூடாது, உடற்சூட்டினாலேயே மீட்கவேண்டும் என்பது அவள் கற்ற பாடம். பின்னர் தகப்பனை நோக்கி, “திரும்புவம்” என்றாள். குடில் இன்னும் இரண்டு மணித்தியாலந்தான் என்று அவன் தயங்கினான். “அங்கே போனால் அடுப்பு மூட்டித்தான் சூடு. ஃபின்சேயிலே இப்பவே சூடு இருக்கு” என்றாள். மறுமொழி இல்லை. காற்று இப்போது முதுகிற் பட, வந்த தடிகளை ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டு மீண்டோம்.

அவ்வழியில் எமக்கு ஒரு பழைய நாள் நினைவுக்கு வந்தது. எமக்குப் பத்து வயதிருக்கும். நைனாதீவு நாகபூசணி அம்மனை வணங்க அப்புவோடு குறிகட்டுவான் துறைக்குப் போயிருந்தோம். சோளகம் உரமாய் வீசிற்று. தண்டையல் கடலைப் பார்த்தார், வானைப் பார்த்தார், “இண்டைக்கு இல்லை ஐயா” என்று கயிற்றை மீண்டும் கட்டினார். புதுச்சட்டை போட்டு வந்த நாம் அழுதோம். அப்பு ஒன்றும் சொல்லாது தண்டையலைக் கையெடுத்துக் கும்பிட்டார். கொண்டுபோன கற்பூரத்தை அன்றிரவு வீட்டு முற்றத்தில் நைனாதீவுத் திசை நோக்கி ஏற்றினார். அம்மனுக்கு அது போதுமென்றார். கடலிற் கற்றிருக்கவேண்டிய பாடத்தை மலைக்குப் போய், பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் நாம் கற்க நேர்ந்தது.

விரல்கள் அன்றிரவு எரிந்து நொந்தன. அந்த எரிவே அவை பிழைத்ததன் அறிகுறி என்றார் விடுதியில் இருந்த பெண்மணி. உட்குடிலை நாம் காணவேயில்லை. அதன் படம் இன்றும் பெறாமகன் வீட்டுச் சுவரில் இருக்கிறது. கோடையில், பனி கரைந்த பின், ஆடி ஆவணியில் வந்தால் மெல்ல நடந்தே போகலாம் என்று பேத்தி எழுதியிருக்கிறாள்.

எம் நாட்டு மலைகளுக்கும்

எம் நாட்டில் வெண்பனி இல்லை. ஆயினும் மலை உண்டு. ஹோட்டன் சமவெளி 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்தது. தை மாசி விடியல்களில் அங்கே புல்மேல் உறைபனி படிவதுண்டு. உலக முடிவு என்னும் பெரும் பள்ளத்தைக் காலையிலேயே காணவேண்டும். பின்னர் மூடுபனி ஏறி அதனை மறைத்துவிடும். இரவு தங்குமிடத்தை வெந்நீருக்காகவும் காட்சிக்காகவும் தொலைவில் எடுத்தவர், விடிய எழுந்து ஓடியும் மூடுபனியையே கண்டு மீள்வர். நக்கிள்ஸ் மலைக்கும் சிவனொளிபாத மலைக்கும் இதே கணக்குத்தான். யாழ்ப்பாணத்திலிருந்து செல்லும் மாணவர்கள், வகுப்பிலே விரைந்து நடப்பவனைக் கொண்டு திட்டமிடாது, இளைப்பு நோயுள்ள தோழனைக் கொண்டு திட்டமிடுவார்களாக. அத்தோழனும், கூச்சப்பட்டு “ஏலும்” என்று சொல்லாதிருப்பானாக.

சரவணைக்கு மீண்டபின் ஒரு மாலை, ஊர்த்தெருவோரத்துச் சுமைதாங்கியடியில் நின்றோம். இப்போது அதில் எவரும் சுமை இறக்குவதில்லை. ஆடொன்று நிழலுக்குப் படுத்திருந்தது. தோளுயரத்தில் இருந்த கல்லில் வலக்கையை வைத்தோம். வெயிற்சூடு இன்னும் அதில் இருந்தது. அந்த இரு விரல் நுனிகளுக்கு மட்டும் அச்சூடு சற்றுத் தாமதித்தே தெரிந்தது.